அறுபத்தொரு வெற்றுச் சீட்டுகள்

அக்கா வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ரப்பர் கம்பெனியின் மாடிப்படிக்குக் கீழே, படிகளின் சரிவே கூரையாக அமைந்த அறை அது. உள்ளே போகிறவர்கள் முதல் நாலடி நிமிர்ந்து நடக்கலாம். அதற்குப் பிறகு குனிந்தாக வேண்டும். அக்கா குட்டை. கடைசி அலமாரி வரைக்கும் தலை இடிக்காமல் போய்வர முடிந்த ஒரே ஆள் தான்தான், அதனால்தான் இந்த வேலை கிடைத்தது என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சரிவுக்குக் கீழே இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அவள் இறந்து நாலு மாதம் ஆகிறது.

அவள் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்பவர்களுக்கு நான் "கணக்கு எழுதுறாங்க" என்று சொல்லிவிடுவேன். அவளுக்குக் கோபம் வரும். "கணக்கு எழுதறதுக்கு மாடியில ரெண்டு பேர் இருக்காங்க. நான் சாட்சி வச்சிருக்கறவ" என்பாள்.

அது உண்மைதான். அந்தக் கம்பெனி வெளிநாட்டிலிருந்து ரப்பர் கொண்டுவந்து, காருக்குள் கால் வைக்கும் விரிப்புகளாக்கித் திரும்ப வெளிநாட்டுக்கே அனுப்பியது. வரும் ரப்பருக்குச் சுங்க வரி கிடையாது. ஆனால் ஒரு கிலோகூட உள்ளூரில் விற்கக் கூடாது. விற்கவில்லை என்பதற்குக் காகிதம் வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் ஐந்து காகிதங்கள். முதல் நாலும் கப்பல்காரரிடமிருந்தும் விற்றவரிடமிருந்தும் சுங்கத்துறையிடமிருந்தும் வருபவை. தொலைந்தால் நகல் கேட்டு வாங்கிவிடலாம். ஐந்தாவது, எடைமேடைச் சீட்டு. லாரி, கம்பெனி வாசலுக்குப் பக்கத்திலுள்ள எடைமேடையில் சரக்கோடு ஒருமுறை ஏறி நிற்கும், இறக்கிவிட்டு வெறும் வண்டியாக இன்னொருமுறை நிற்கும். இரண்டு எடையையும் நேரத்தையும் அச்சடித்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு வழவழப்பான சீட்டை இயந்திரம் துப்பும். ரப்பர் வழியில் வேறெங்கும் இறங்கவில்லை, பட்டறைக்குள்தான் இறங்கியது என்பதற்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் சாட்சி. அதற்கு நகல் கிடையாது.

மாதம் முடிந்ததும் அக்கா அந்த எடைகளைக் கூட்டி, சுங்கத்துறைக்கு அறிக்கை அனுப்புவாள். அடியில் அவள் கையெழுத்து, அதற்குக் கீழே அவளுடைய அட்டை எண். துறை கொடுத்த நீல நிற அட்டை. பத்து வருஷத்துக்கு முந்தைய முகத்தோடு ஒரு புகைப்படம். அந்த அட்டை இல்லாதவர் எந்தக் கம்பெனியிலும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. அக்காவுக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. பள்ளி இறுதி வரை படித்தவள். என்னைக் கல்லூரியில் படிக்கவைத்தது அந்த அட்டைதான்.

சட்டப்படி காகிதங்களை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். இதை அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கம்பெனியில் அவள் பெயரே "அஞ்சு வருஷம்" என்றாகிவிட்டது. முதலில் அப்படிக் கூப்பிட்டது லாரி ஓட்டுகிற மீசைக்காரர். மேடையிலிருந்து இறங்கி வரும்போதே கத்துவார்.

"அஞ்சு வருஷம் பாத்துக்கிட்டிருக்காங்கப்பா, சீட்டைக் கசக்காமக் குடுங்க!"

"நீங்க கசக்காம இருந்தாப் போதும். போன வாரச் சீட்டுல டீக்கறை."

"டீயும் நம்ம டீதானே தாயே. சாட்சிக்கு ஒரு சாட்சி."

வீட்டிலும் அதே கதைதான். ஒருமுறை நான் செருப்புக்கடை பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

"எதுக்குடி கிழிச்ச?"

"செருப்பே பிஞ்சுபோச்சு அக்கா."

"செருப்பு போனாப் போவுது. பில்லு என்னடி பண்ணுச்சு உன்னை?"

பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ மாடிக் குழாயை மூடாமல் போய்விட்டார்கள். தண்ணீர் படிப்படியாக இறங்கி அக்காவின் அறைக்குள் வந்து, கீழ்த்தட்டை நனைத்துவிட்டது. பதினோரு சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைக்க அவளுக்கு மூன்று நாள் ஆனது. ஒன்றுகூடப் போகவில்லை. ஆனாலும் அந்த மூன்று நாள் பயம் அவளை விடவில்லை. எழுதுபொருள் கடைக்குப் போய், கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் உறைகளை வாங்கி வந்தாள். கம்பெனியில் கேட்டால் தாமதமாகும் என்று கைக்காசு போட்டே வாங்கினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு எடைச் சீட்டுக்கும் தனி உறை. உறையின் வாயை டேப்பால் ஒட்டுவாள். பூச்சி போகாது, ஈரம் போகாது, மீசைக்காரரின் டீயும் போகாது.

வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியையும் ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்துப் போடுவாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. முதலாளி கேட்டாலும் சரி. "திறந்தா ஒண்ணு குறையும்" என்பது அவள் கட்சி. ஐந்து வருஷம் முடிந்து ஒரு நாள் கழித்து, திறக்காத பெட்டி அப்படியே வெட்டுகிற இயந்திரத்துக்குப் போகும். அழிப்புப் பதிவேட்டில் தேதி ஏறும். அந்த ஒழுங்கில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. பார்க்கிற எனக்கும் இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், சுங்கத்துறையிலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய அறுபத்திரண்டு லோடுகளைத் தணிக்கை செய்யப்போகிறார்கள். மூலச் சீட்டுகளை இருபத்தோரு நாளைக்குள் நேரில் காட்ட வேண்டும். பொறுப்பாளர் தன் அட்டையோடு வர வேண்டும்.

முதலாளி கவலையே படவில்லையாம். அவர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். அப்பாவுக்குப் பிறகு கம்பெனிக்கு வந்தவர். "நீங்க இருக்கீங்க அக்கா, எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவளின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்யாணம் நிச்சயமானவள் மாதிரி இருந்தாள். இருபத்தாறு வருஷமாக அவள் அடுக்கியதை யாரும் திறந்து பார்த்ததில்லை. இப்போதுதான் ஒருவர் பார்க்கப்போகிறார்.

மறுநாள் பெட்டியைத் திறந்தாள். முதல் உறைக்குள் சீட்டு வெள்ளையாக இருந்தது. திருப்பி வைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று உறையைப் புரட்டியிருக்கிறாள். அந்தப் பக்கமும் வெள்ளை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

எனக்கு அவள் உடனே சொல்லவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், "உன் கண்ணு நல்லா இருக்கும், ஒரு நிமிஷம் வாடி" என்று மட்டும் சொல்லிக் கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். குனிந்து உள்ளே போய், மேசை விளக்குக்கு நேராக ஒவ்வொரு சீட்டையும் பிடித்துப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். டார்ச்சைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் ஓரமாக ஒரு ஏழோ ஒன்றோ இருப்பதுபோலத் தோன்றியது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா?"

"ஏழு மாதிரி இருக்கு."

"ஏழா ஒண்ணா?"

"தெரியலக்கா."

"சரியாப் பாருடி."

பார்த்தேன். இரண்டாவது முறை பார்த்தபோது அதுவும் இல்லை.

அறுபத்திரண்டில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. மீசைக்காரர் நாலு நாள் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டுக் கசக்கிக் கொண்டுவந்த சீட்டு. அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அக்கா அதை உறையில் போடாமல், வெறும் தாளில் வைத்துப் பின் அடித்திருந்தாள். மடிப்புகளுக்கு நடுவே அதன் எழுத்து கறுப்பாக, நேற்று அடித்ததுபோல இருந்தது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்குத்தான் புரியவில்லை.

எனக்குப் புரியவைத்தவர் எடைமேடைக்காரர். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அக்காவோடு நானும் போனேன். உறையைக் கையில் வாங்கியதுமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இதை யாரும்மா பிளாஸ்டிக்ல போடச் சொன்னது? இது மையில அடிக்கிறது இல்ல. சூட்டுல அடிக்கிறது. இந்த உறை இருக்கே, இது எழுத்தை உறிஞ்சிடும். ஒரு வருஷம்கூடத் தாங்காது."

"நனையக் கூடாதுன்னு போட்டேன்" என்றாள் அக்கா.

"நனைஞ்சிருந்தாக்கூட இருந்திருக்கும்மா."

அவருடைய கம்ப்யூட்டரில் பழைய எடைகள் இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான் பழைய கம்ப்யூட்டரை மாற்றியிருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க அறிக்கையில எடை எல்லாம் இருக்குமில்ல? அதைக் கொண்டாங்க. தேதியைப் பின்னால தள்ளி வச்சுப் புதுசா அடிச்சுத் தர்றேன். அதே மேடை, அதே மிஷினு. எவனுக்குத் தெரியும்?"

அக்கா உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது ஒன்று மட்டும் சொன்னாள். "எட்டு வருஷமா உறையில போடறேன். அப்படீன்னா வெட்டுக்குப் போன பெட்டியெல்லாம்கூட அப்பவே வெள்ளைதான்." திறக்காமல் அழித்த பெட்டிகள். அழிப்புப் பதிவேட்டில் அவள் கையெழுத்து. அவள் காவல் காத்த அந்த வருஷங்களில் அங்கே எதுவுமே இருந்ததில்லை.

விஷயம் முதலாளிக்குப் போனது. முதலில் அவர் நம்பவில்லை. பிறகு கத்தினார். பிறகு, கத்தியதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு எடைமேடைக்காரர் சொன்னதையே சொன்னார்.

"பொய் நம்பர் ஒண்ணுமில்லையே அக்கா. நீங்களே பாத்து நீங்களே எழுதின நம்பர்தானே? காகிதம் மட்டும்தான் புதுசு."

"காகிதத்தைத்தானே அவங்க கேக்கறாங்க."

"சலுகை போச்சுன்னா பட்டறையில எத்தனை பேரு வீட்டுக்குப் போகணும்னு தெரியுமா?"

"தெரியும். பேரெல்லாம் தெரியும்."

வீட்டில் நானும் அதைத்தான் சொன்னேன். அடிச்சுக் குடுத்துடு அக்கா, யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். இதைச் சொன்னவள் நான்தான், அவள் படிக்கவைத்த நான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நம்பர் நிஜம்டி. சீட்டு பொய்யி. அந்தச் சீட்டை நிஜம்னு நான் கையெழுத்துப் போட்டா, இதுக்கு முன்னால போட்டதையெல்லாம் எவன் நம்புவான்?"

"எவனும் பாக்கப்போறதில்லக்கா."

"நான் பாத்துட்டேனே."

இருபத்தோராம் நாள் சுங்கத்துறை அலுவலகத்துக்குப் போனோம். மீசைக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தானாகவே வந்திருந்தார். தணிக்கை அதிகாரி என் வயதுப் பெண். மேசையில் தண்ணீர் பாட்டிலும் கட்டுக்கட்டாக ஃபைல்களும். அக்கா அறுபத்தொரு வெற்றுச் சீட்டுகளையும் உறையோடு அடுக்கி வைத்தாள். எழுத்துள்ள ஒன்றை அதன் மேல் வைத்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

மீசைக்காரர் பொறுக்க முடியாமல் முன்னால் வந்தார். "அறுபத்திரண்டு லோடும் நான்தான் மேடம் ஓட்டினேன். ஒரு லோடும் வேற எங்கயும் போவல. சத்தியமாச் சொல்றேன்."

"எந்தத் தேதியில எவ்வளவு எடைன்னு சொல்ல முடியுமா?"

"எடை எனக்குத் தெரியாது. ஸ்டியரிங்குக்குத் தெரியும்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "நான் உங்களை நம்பறேம்மா. எத்தனையோ பேர் நேத்து அடிச்ச சீட்டைப் பழசுன்னு கொண்டாந்து வைக்கிறாங்க, எங்களுக்குத் தெரியாதா? நீங்க அப்படிச் செய்யல. ஆனா நம்பறதை நான் ஃபைல்ல வைக்க முடியாது. சீட்டு இல்லன்னா ஆவணம் பராமரிக்கலைன்னுதான் எழுதணும்."

"ஆவணம் இருக்கும்மா. எழுத்துதான் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா சட்டத்துல."

அக்கா சீட்டு அடுக்கை ஒருமுறை சீர்படுத்திவிட்டு, "சரி, இதை ஒப்படைச்சதுக்கு ரசீது குடுங்க" என்றாள். அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, எழுத்தற்ற காகிதங்கள் அறுபத்தொன்று, எழுத்துள்ளது ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். நீல அட்டையை வாங்கி ஒரு பழுப்புக் கவரில் போட்டு, வாயை ஒட்டினார்.

கம்பெனிக்கு ஒரு வருஷம் சலுகை நின்றது. முதலாளி யாரையும் நிறுத்தாமல் எப்படியோ சமாளித்தார். அதற்கு அவர் கொடுத்த விலை ஒரு கடிதம். பதிவேட்டுப் பொறுப்பாளரின் கவனக்குறைவால் இப்படி நேர்ந்தது, இனி நேராது என்று துறைக்கு எழுதியிருந்தார். அனுப்புவதற்கு முன் அக்காவிடம் காட்டியிருக்கிறார். அந்த அளவுக்கு நல்லவர்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அக்கா அந்த ஒரு வார்த்தையில் மட்டும் நின்றாளாம்.

"கவனம் கொறைஞ்சு போகல தம்பி. கவனம் அதிகமாகித்தான் போச்சு."

"அப்படி எழுதினா ஏத்துக்க மாட்டாங்க அக்கா."

துறையின் முடிவு இரண்டு மாதத்தில் வந்தது. கவனக்குறைவு, அட்டை ரத்து. மேல்முறையீடு செய்யலாம், அதுவரை அட்டை துறையிடமே இருக்கும். அக்கா மேல்முறையீடு செய்தாள். மனுவை நான்தான் எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வேலை திரும்ப வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நான் கவனக்குறைவாக இருந்தேன் என்ற வாக்கியத்தை நீக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கம்.

படிக்கட்டுக்குக் கீழுள்ள அறையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். சீட்டு வந்தவுடனே படம் பிடித்து ஏற்றிவிடுகிறாராம். உயரமான ஆள், தினமும் தலையை இடித்துக்கொள்கிறார் என்று மீசைக்காரர் வந்து சொன்னார். அக்காவைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவள் சிரித்தாள். "கூரை ஓரத்துல பஞ்சு ஒட்டச் சொல்லுங்க" என்றாள்.

பதினாலு மாதம் அவள் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தாள். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், ஊற்றிய செடிக்கே மறுபடி ஊற்றுவாள். மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பாள். "பரிசீலனையில இருக்கு" என்பார்கள். "பரிசீலனையில இருக்காம்" என்று வந்து சொல்வாள், நல்ல சேதி மாதிரி. நான் வேலையிலிருந்து வந்ததும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். கேட்க மாட்டேன். கேட்டால் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் பார்த்திருக்கிறார். மருத்துவமனையில் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். என்ன தாள் என்று படிக்காமலேயே போட்டேன். அவள் இருந்திருந்தால் திட்டியிருப்பாள்.

பத்தாவது நாள் தபால் வந்தது. மேல்முறையீட்டு விசாரணை. மனுதாரர் வரும் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரில் ஆஜராக வேண்டும். தவறினால் மனு அதன்படி முடிக்கப்படும்.

இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நான் போனேன். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். மேல்முறையீட்டுப் பிரிவில் கண்ணாடி போட்ட ஒரு எழுத்தர் இருந்தார். சான்றிதழை இரண்டு பக்கமும் பார்த்தார். எழுந்து உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. நீங்க தங்கையா?"

"ஆமா சார்."

"ஆள் இல்லாம விசாரணை நடத்த முடியாது. ஃபைலை முடிச்சிடணும்."

"அவங்களுக்குப் பதிலா நான் பேசறேன். மனுவை எழுதினதே நான்தான்."

"அட்டை அவங்க பேர்ல இருக்கு. நீங்க பேச முடியாது."

"அட்டை வேணாம் சார். கவனக்குறைவுன்னு எழுதியிருக்கிறதை மட்டும் எடுத்துட முடியுமா?"

அவர் ஃபைலைப் புரட்டினார். நிஜமாகவே தேடினார், அதை நான் சொல்லியாக வேண்டும். "எடுக்கணும்னா மனு ஜெயிக்கணும். ஜெயிக்கணும்னா விசாரணை நடக்கணும்" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். மேலே அக்காவின் பெயரை எழுதினார். நடுவில் மூன்று கட்டங்கள் அச்சடித்திருந்தன. ஏற்கப்பட்டது. தள்ளப்பட்டது. மனுதாரரால் கைவிடப்பட்டது. பேனா மூன்றாவது கட்டத்துக்கு மேலே வந்து நின்றது.

"அவங்க கைவிடல சார்" என்றேன்.

"தெரியுதும்மா."

"செத்த அன்னைக்குக் காலையிலகூடத் தபால் வந்துச்சான்னு போய்ப் பாத்தாங்க."

"புரியுதும்மா. வேற கட்டம் இல்லையே."

எனக்குப் பின்னால் வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள். யாரோ இருமினார். எழுத்தர் கட்டத்துக்குள் குறியிட்டு, படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். இந்தமுறை நான் எல்லா வரியையும் படித்தேன், இரண்டு தடவை. என்ன மாற்றலாம் என்று பார்த்தேன். உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.